நானும் அங்கே இருந்தேன்: கல்லூரி ஆட்டங்களும் பார்வையாளர் நினைவுகளும்

பழைய ஆட்டம் ஒன்றைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் முதல் வார்த்தை, "என்ட ரெண்டு கண்ணால கண்ட நான்" என்பதுதான். அதற்குமேல் விவாதம் கிடையாது. கண்டவர் சொல்கிறார், காணாதவர் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அதே ஆட்டத்தைக் கண்ட இன்னொருவர் வந்து, அதே உறுதியோடு நேர்மாறான ஒன்றைச் சொன்னால் என்ன செய்வது? இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிடலாமா?

இந்தக் கேள்விக்கு மிகக் கவனமாக விடை தேடப்பட்ட இடங்களுள் ஒன்று அமெரிக்காவின் கல்லூரி ஃபுட்போல் மைதானம். அதற்குக் காரணம் உண்டு. ஊர்ச் சண்டையில் யார் முதலில் கைநீட்டினார் என்பதைப் பிறகு சரிபார்க்க வழியில்லை. கல்யாண வீட்டில் யார் என்ன சொன்னார் என்பதும் அப்படித்தான். ஓர் ஆட்டத்தை ஓரளவு சரிபார்க்கலாம். தொடங்கிய நேரம் தெரியும், புள்ளிகள் எழுத்தில் இருக்கும், படச்சுருள் இருக்கும். ஆகவே மனிதர் நினைவில் வைத்திருப்பதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்காக உளவியல் படித்தபோது இத்தகைய ஆய்வு ஒன்று எனக்கு அறிமுகமானது. அன்றிலிருந்து அது போன்ற ஆட்டங்களைத் தேடி வாசித்து வருகிறேன். அவற்றுள் மூன்றை இங்கு எடுத்துக்கொள்கிறேன். அவை 1951, 1968, 1982 ஆகிய ஆண்டுகளில் நடந்தவை.

ஆட்டமும் அதன் ஆட்களும்

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்கர் 'ஃபுட்போல்' என்பது நாம் ஆடும் உதைபந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம் அது. நமது றகருக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். பக்கத்துக்குப் 11 பேர். கோட்டுக்குக் கோடு 100 யார் நீளம். பந்து கையிலுள்ள அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து யார் முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்பு கிடைக்கும். எதிரணியின் எல்லைக் கோட்டைப் பந்தோடு கடந்தால் 'டச்டவுன்'. அதற்கு 6 புள்ளி. அதன்பின் பந்தை உதைத்து 1 புள்ளி பெறலாம். 1958 முதல் கல்லூரி ஆட்டங்களில் இன்னொரு வழியும் வந்தது. உதைக்காமல் ஓடியோ எறிந்தோ மீண்டும் கோட்டைக் கடந்தால் 2 புள்ளி.

கல்லூரிகளுக்கிடையிலான முதல் ஆட்டம் 1869இல் பிரின்ஸ்டனுக்கும் ரட்கர்ஸுக்கும் இடையே நடந்தது. ஹாவர்டும் யேலும் 1875இல் மோதத் தொடங்கின. இன்று மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அமரலாம். அங்கு வருபவர்கள் மாணவர்கள் மட்டுமல்ல. படித்து முடித்து முப்பது நாற்பது ஆண்டு ஆனவர்கள் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். நமது பாடசாலைகளின் 'பிக் மெட்ச்' நாளில் தலைநரைத்த பழைய மாணவர்கள் கொடியோடு வந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஆட்டம் ஆடுபவருடையது மட்டுமல்ல, "எங்கட பாடசாலை" என்று சொல்லும் எல்லோருக்கும் சொந்தம். நினைவுகள் திரிவதும் இந்தச் சொந்தத்தில் இருந்துதான் தொடங்குகிறது.

1951: ஒரே படம், இரண்டு எண்ணிக்கை

1951 நவம்பர் மாதம், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பாமர் மைதானம். பருவத்தின் கடைசி ஆட்டம். அந்தப் பருவத்தில் பிரின்ஸ்டன் ஒரு ஆட்டத்திலும் தோற்றிருக்கவில்லை. அதன் நட்சத்திர வீரர் டிக் கஸ்மேயர். அதே மாதம் 'டைம்' சஞ்சிகையின் அட்டையில் அவரது படம் வந்திருந்தது. நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதும் அந்த ஆண்டு அவருக்கே கிடைத்தது. எதிரணி டார்ட்மத் கல்லூரி.

ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே சூடு பிடித்தது. இரண்டாம் கால்பகுதியில் கஸ்மேயர் மூக்கு உடைந்து வெளியேறினார். மூன்றாம் கால்பகுதியில் டார்ட்மத் வீரர் ஒருவர் கால் முறிந்து தூக்கிச் செல்லப்பட்டார். இருபுறமும் தண்டனைகள் விழுந்தன. முடிவில் பிரின்ஸ்டன் 13-0 என வென்றது.

உண்மையான ஆட்டம் அதன் பின்னர்தான் தொடங்கியது. இரு கல்லூரிகளின் மாணவர் பத்திரிகைகளும் எழுத்தில் மோதிக்கொண்டன. டார்ட்மத் அணி வேண்டுமென்றே கஸ்மேயரைக் குறிவைத்தது என்பது பிரின்ஸ்டன் தரப்பின் வாதம். கஸ்மேயருக்குப் பட்டது ஆட்டத்தில் வழக்கமாக ஏற்படும் காயம்தான், அதைக் காட்டிப் பிரின்ஸ்டன் பயிற்றுநரே தம் பிள்ளைகளை உசுப்பிவிட்டார் என்பது டார்ட்மத் தரப்பின் பதில்.

சாதாரணமாக இந்தச் சண்டை சில வாரங்களில் அடங்கியிருக்கும். ஆனால் டார்ட்மத்தில் ஆல்பர்ட் ஹேஸ்டோர்ஃப், பிரின்ஸ்டனில் ஹாட்லி கான்ட்ரில் என இரண்டு உளவியல் அறிஞர்கள் இருந்தார்கள். ஆளுக்கொரு கல்லூரியைச் சேர்ந்த இவர்கள் சண்டையில் சேராமல், சேர்ந்து ஆய்வு செய்தார்கள். ஆட்டம் முடிந்து ஒரு வாரத்தில் இரு கல்லூரி மாணவர்களிடமும் கேள்விக்கொத்து கொடுத்தார்கள். முரட்டு ஆட்டத்தைத் தொடங்கியது யார் என்பது ஒரு கேள்வி. பிரின்ஸ்டன் மாணவர்களில் நூற்றுக்கு 86 பேர் டார்ட்மத் என்றார்கள். டார்ட்மத் மாணவர்களில் அப்படிச் சொன்னவர்கள் நூற்றுக்கு 36 பேர் மட்டுமே. அவர்களில் 53 பேர் இரு அணியும்தான் தொடங்கின என்றார்கள்.

இதில் ஆச்சரியம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். கேள்விப்பட்டது, பத்திரிகையில் வாசித்தது எல்லாம் கலந்து வந்த பதில்தானே? அதனால்தான் அவர்கள் அடுத்த படிக்குப் போனார்கள். ஆட்டத்தின் படச்சுருளை இரு கல்லூரியிலும் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் ஐம்பதுக்குச் சற்றுக் குறைவான மாணவர்கள். இரு இடத்திலும் ஒரே படம். விதிமீறல்களைக் கண்டபோதெல்லாம் குறித்துக்கொள்ளுமாறு கேட்டார்கள்.

டார்ட்மத் அணி செய்த விதிமீறல்களாகப் பிரின்ஸ்டன் மாணவர்கள் சராசரியாக 9.8 எண்ணினார்கள். டார்ட்மத் மாணவர்கள் தம் அணி செய்ததாக எண்ணியது 4.3. பாதிக்கும் குறைவு! படம் ஒன்று, திரை ஒன்று, கண்கள் மட்டும் இரண்டு வகை.

இந்த ஆய்வு 1954இல் வெளியானது. அதில் ஒரு துணைக் கதையும் வருகிறது. தூரத்து ஊர் ஒன்றில் இருந்த டார்ட்மத் பழைய மாணவர் ஒருவர், தம் கல்லூரி முரட்டுத்தனமாக ஆடியதாகக் கேள்விப்பட்டு, படத்தை வரவழைத்துத் தனியாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். அவர் கேள்விப்பட்ட விதிமீறல்கள் ஒன்றும் அதில் இல்லை. உடனே தந்தி அடித்தார்: முக்கியமான பகுதி வெட்டப்பட்டிருக்கிறது போலத் தெரிகிறது, விடுபட்டதை விமானத் தபாலில் அனுப்புங்கள், ஒட்டுவதற்கு எங்களிடம் கருவி இருக்கிறது என்று. படத்தில் ஒரு துண்டும் வெட்டப்படவில்லை. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. ஏமாற்ற நினைத்திருந்தால் தந்திக்குக் காசு செலவழித்திருக்க மாட்டார்.

ஹேஸ்டோர்ஃபும் கான்ட்ரிலும் இதிலிருந்து துணிச்சலான ஒரு முடிவுக்கு வந்தார்கள். எல்லோரும் பார்ப்பதற்காக வெளியே 'ஆட்டம்' என்ற ஒரு பொருள் கிடக்கவில்லை, ஒவ்வொருவரும் தமக்கு முக்கியமானதைக் கொண்டு தமக்கென ஓர் ஆட்டத்தை ஆக்கிக்கொள்கிறார்கள் என்பதே அதன் சாரம்.

இந்த முடிவை முழுமையாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அவர்களது அட்டவணையிலேயே இன்னொரு பத்தி இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. பிரின்ஸ்டன் அணி எத்தனை விதிமீறல் செய்தது? பிரின்ஸ்டன் மாணவர்களின் எண்ணிக்கை 4.2. டார்ட்மத் மாணவர்களின் எண்ணிக்கை 4.4. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்த இரு கூட்டமும் இந்த இடத்தில் தெரியாமலே ஒத்துப்போயிருக்கின்றன. மூக்கு உடைந்தது, கால் முறிந்தது, புள்ளி 13-0. இவற்றையும் எவரும் மறுக்கவில்லை. ஆகவே ஆட்டம் ஒன்று அங்கு நடந்துதான் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள சில பகுதிகள் பார்ப்பவரின் இருக்கைக்கு ஏற்ப மாறுகின்றன, சில பகுதிகள் மாறுவதில்லை. எது மாறுகிறது, எது மாறவில்லை என்று பிரித்தறிவதுதான் ஆய்வாளன் வேலை.

1968: சமநிலையில் ஒரு வெற்றி

1968 நவம்பர் 23, சனிக்கிழமை. ஹாவர்ட் மைதானத்தில் ஹாவர்டும் யேலும் மோதின. இரண்டும் அந்தப் பருவத்தில் தோல்வியே காணாத அணிகள். அப்படி இரண்டும் தோல்வியின்றிச் சந்தித்தது 1909க்குப் பின் அதுதான் முதல் தடவை. சுமார் 40,000 பேர் கூடியிருந்தார்கள். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு. ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார், ஜூனில் றொபர்ட் கென்னடி. நாடே கொந்தளித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு மாலைப்பொழுதுக்காவது ஆட்டத்தைப் பற்றி மட்டும் யோசிக்க வந்த கூட்டம் அது.

யேலின் பலம் பெரிது. பிரையன் டவ்லிங், கெல்வின் ஹில் போன்ற பேர்பெற்ற வீரர்கள் இருந்தார்கள். ஆட்டம் ஒரு கட்டத்தில் 22-0 என யேல் பக்கம் சாய்ந்தது. கடைசியில் 42 வினாடி மட்டும் மிச்சமிருந்தபோதும் யேல் 29, ஹாவர்ட் 13. யேல் ரசிகர்கள் வெள்ளைக் கைக்குட்டைகளை எடுத்து எதிர்ப்பக்கத்தை நோக்கி அசைத்துப் பகிடி பண்ணினார்கள். ஹாவர்ட் ரசிகர்கள் சிலர் நெரிசலுக்கு முன் வீடு போய்ச் சேருவோம் என்று எழும்பிவிட்டார்கள்.

அந்த 42 வினாடியில் ஹாவர்ட் 16 புள்ளி எடுத்தது. மேலதிக வீரராக உள்ளே வந்திருந்த ஃபிராங்க் சாம்பி பந்தை எறிந்தார். டச்டவுன். அதற்கு மேல் 2 புள்ளி. பிறகு குறுகிய தூரத்துக்கு உதைத்த பந்தைத் தாங்களே பிடித்துக்கொண்டார்கள். கடிகாரம் பூச்சியத்தைத் தொடும்போது இன்னொரு டச்டவுன். கடைசி 2 புள்ளிக்கான பந்து பீட் வார்னியின் கையில் போய் விழுந்தது. 29-29. அந்தக் காலத்தில் மேலதிக நேரம் கிடையாது. ஆட்டம் சமநிலை.

கணக்குப்படி யாரும் வெல்லவில்லை, யாரும் தோற்கவில்லை. அவ்வாண்டு ஐவி லீக் பட்டத்தையும் இரு அணியும் பகிர்ந்துகொண்டன. ஆனால் ஹாவர்ட் மாணவர் பத்திரிகையான 'கிரிம்சன்' போட்ட தலைப்பு: ஹாவர்ட் யேலைத் தோற்கடித்தது, 29-29. பகிடிக்குப் போட்ட தலைப்புத்தான். இருந்தாலும் அன்று மைதானத்தில் இருந்த இரு கூட்டத்தின் மனநிலையையும் ஒரே வரியில் சொன்ன தலைப்பு அது. ஹாவர்ட்காரர் வென்ற மாதிரி ஆடிப்பாடி வெளியேறினார்கள். யேல்காரர் தோற்றவர்களாக வீடு திரும்பினார்கள். யேல் பயிற்றுநர் கார்ம் கோசாவும் அதைத் தோல்வி போலவே உணர்ந்தார்.

இந்த ஆட்டம் நடந்து நாற்பது ஆண்டு கழித்து, 2008இல், கெவின் ரஃபர்டி என்பவர் அதே தலைப்பில் ஓர் ஆவணப்படம் எடுத்தார். இரு அணியின் முன்னாள் வீரர்களையும் ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பேசவிட்டு, இடையிடையே பழைய ஒளிப்பதிவைக் காட்டுவதுதான் அதன் அமைப்பு. பேசுபவர்களில் ஹாவர்ட் அணியில் ஆடிய, பின்னாளில் புகழ்பெற்ற நடிகரான டொமி லீ ஜோன்ஸும் ஒருவர். அறுபது வயதை எட்டிய மனிதர்கள், இருபது வயதில் தவறவிட்ட ஒரு பந்தைப் பற்றி நேற்று நடந்தது போலப் பேசுகிறார்கள்.

1951 ஆட்டத்தில் தகராறு என்ன நடந்தது என்பதில் இருந்தது. இங்கு அதில் தகராறே இல்லை. புள்ளி எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதன் பொருள் என்ன என்பதில் இரண்டு நினைவு இருக்கிறது. ஒருவருக்கு அது வாழ்வின் உச்ச நாள், இன்னொருவருக்கு நாற்பது ஆண்டாக ஆறாத புண். இரண்டும் 29-29 என்ற ஒரே எண்ணுக்குள் இருக்கின்றன. இங்கு ஒருவரைச் சரியென்றும் மற்றவரைப் பிழையென்றும் சொல்ல இடமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்கூட்டியே எழும்பிப் போனவர்களுக்கும் அந்த நாளைப் பற்றி ஒரு நினைவு உண்டு. வாசலைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் எழுந்த கூச்சல்தான் அந்த நினைவு. பெரிய ஆட்டம் ஒன்று நடந்த எந்த ஊரிலும் "நானும் அங்கே இருந்தேன்" என்று சொல்பவர் தொகை ஆண்டுக்காண்டு கூடும் என்பார்கள். "நான் நேரத்தோடு வந்துவிட்டேன்" என்று சொல்பவர் குறைவு. அப்படிச் சொல்ல ஒருவர் முன்வந்தால், அவர் கதையை நான் கூடுதல் கவனத்தோடு கேட்பேன்.

1982: கோடரியில் மாறும் புள்ளி

மூன்றாவது ஆட்டம் மேற்குக் கரையில். 1982 நவம்பர் 20, பேர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மெமோரியல் மைதானம். எதிரணி ஸ்டன்போர்ட் பல்கலைக்கழகம். கடைசி நேரத்தில் ஸ்டன்போர்ட் பந்தை உதைத்து 3 புள்ளி பெற்று 20-19 என முந்தியது. மிச்சம் 4 வினாடி.

இந்த இடத்தில் ஒரு விதி தெரிய வேண்டும். றகரில் போலவே இந்த ஆட்டத்திலும் பந்தைப் பின்பக்கம் எத்தனை தடவையும் கைமாற்றலாம். ஆனால் பந்து வைத்திருப்பவர் எதிரணியால் மடக்கப்பட்டு முழங்கால் நிலத்தில் பட்டால் அத்தோடு அந்த ஓட்டம் முடிந்தது. ஸ்டன்போர்ட் பந்தை உதைத்தது. கலிபோர்னியா வீரர் கெவின் மோயன் பிடித்தார். பின்னால் இருந்தவருக்கு எறிந்தார், அவர் இன்னொருவருக்கு, இப்படி ஐந்து தடவை பந்து கைமாறியது. ஆட்டம் முடிந்தது என்று நினைத்த ஸ்டன்போர்ட் பேண்ட் வாத்தியக் குழு மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. கடைசியாகப் பந்து மீண்டும் மோயனிடமே வந்தது. அவர் அந்த வாத்தியக்காரர்களுக்கு ஊடாக ஓடி, கோட்டைக் கடந்து, ட்ரொம்போன் வாசித்த மாணவர் ஒருவர் மீது மோதி நின்றார். நடுவர்கள் கூடிக் கதைத்தார்கள். டச்டவுன் என்று தீர்ப்பு. கலிபோர்னியா 25, ஸ்டன்போர்ட் 20.

நடுவில் பந்தை வைத்திருந்த ஒருவரின் முழங்கால் நிலத்தில் பட்டுவிட்டது என்பது ஸ்டன்போர்ட் தரப்பின் வாதம். கடைசிக் கைமாற்றம் முன்பக்கமாகப் போனது என்பது இன்னொரு வாதம். ஒளிப்பதிவைத் திரும்பப் போட்டுப் பார்த்து நடுவர் தீர்ப்புச் சொல்லும் முறை அப்போது கல்லூரி ஆட்டங்களில் இல்லை. அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது. எத்தனையோ தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் இரு கூட்டமும் ஒத்துவரவில்லை. 1951இன் படச்சுருள் கதைதான், வர்ணத்தில்.

சில நாள் கழித்து ஸ்டன்போர்ட் மாணவர் பத்திரிகைக்காரர்கள் ஒரு விளையாட்டுக் காட்டினார்கள். பேர்க்லி மாணவர் பத்திரிகையைப் போலவே போலியாக ஓர் இதழ் அச்சடித்து, முடிவு மாற்றப்பட்டு வெற்றி ஸ்டன்போர்டுக்கு வழங்கப்பட்டதாகச் செய்தி போட்டு, பேர்க்லி வளாகத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது கோடரிக் கதை. இந்த இரு பல்கலைக்கழகங்களும் ஆண்டுதோறும் மோதும் ஆட்டத்தின் பரிசு, பலகையில் பொருத்திய ஒரு கோடரித் தலை. வென்ற பக்கம் அடுத்த ஆட்டம் வரை அதை வைத்துக்கொள்ளும். பலகையில் ஒவ்வோர் ஆண்டின் புள்ளியும் பொறிக்கப்பட்டிருக்கும். கோடரி ஸ்டன்போர்டின் கைக்கு வந்தால் 1982க்கு நேரே உள்ள புள்ளி 20-19 என மாற்றப்படும். கலிபோர்னியா வென்று திரும்ப எடுத்துக்கொண்டால் அது மீண்டும் 25-20 ஆகும். சும்மா சொல்லக்கூடாது, வரலாறு எழுதப்படும் விதத்தை இவ்வளவு நேர்மையாகக் காட்டும் பலகை வேறெங்கும் இருக்காது. பொருள் யார் கையில் இருக்கிறதோ, எழுத்தும் அவர் கையில்.

நினைவு எப்படிப் பிழைக்கிறது

பக்கச்சார்பு மட்டும்தான் நினைவைத் திரிக்கிறது என்று நினைக்கக்கூடாது. உல்ரிக் நைசர் என்ற உளவியல் அறிஞர் தம்மையே உதாரணமாக வைத்து 1982இல் எழுதியது இங்கு பொருந்தும். 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியபோது அவருக்குப் பதின்மூன்று வயது நிரம்பப் போகிறது. வீட்டில் வானொலியில் பேஸ்போல் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தபோது அதை இடைநிறுத்திச் செய்தி வந்ததாக அவருக்குத் தெளிவான நினைவு. பல ஆண்டுக்குப் பின்தான் உறைத்தது: டிசம்பரில் பேஸ்போல் யாரும் ஆடுவதில்லையே!

அவரது கட்டுரையை வாசித்த வேறு இரண்டு ஆய்வாளர்கள் இதைத் துருவிப் பார்த்தார்கள். அன்று வானொலியில் போனது ஒரு ஃபுட்போல் ஆட்டம். நியூயோர்க் ஜயன்ட்ஸுக்கும் புரூக்ளின் டொட்ஜர்ஸுக்கும் இடையில், போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில். இந்த இரு பெயரிலும் பேஸ்போல் அணிகளும் இருந்தன. மைதானமும் பேஸ்போலுக்குப் பேர்போனது. சிறுவனின் நினைவில் பெயர்கள் சரியாகவே பதிந்திருக்கின்றன. காலப்போக்கில் மனம் அந்தப் பெயர்களுக்குப் பழக்கமான ஆட்டத்தைக் கொண்டுவந்து பொருத்திவிட்டது. பிழைக்கும் ஒரு வழித்தடம் இருக்கிறது. அதைப் பின்தொடர்ந்து போனால் உண்மைக்கு அருகே போய்ச் சேரலாம்.

நமது மலர்களுக்கு

இதையெல்லாம் நான் சிரத்தையாக எழுதக் காரணம் இருக்கிறது. நமது பாடசாலைகளின் பழைய ஆட்டங்களுக்குப் படச்சுருள் கிடையாது. புள்ளிப் புத்தகமும் கறையான் தின்றுவிட்டது. மிச்சம் இருப்பவை வெள்ளிவிழா, பொன்விழா மலர்களில் பழைய மாணவர்கள் எழுதும் நினைவுக் குறிப்புகள்தாம். நாளைக்கு ஒருவர் நமது ஊரின் விளையாட்டு வரலாறு எழுத வந்தால் அவர் கையில் கிடைக்கப் போவதும் அவைதான்.

அப்படி ஒரு மலருக்காகக் குறிப்புகள் சேகரித்தபோது, ஒரே உதைபந்தாட்ட இறுதிப் போட்டியைப் பற்றி இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவர் அணியில் ஆடியவர், மற்றவர் சைக்கிளில் போய்ப் பார்த்தவர். ஆடியவர் மழை என்றார். பார்த்தவர் புழுதி என்றார். கோல் கணக்கிலும் இருவரும் ஒத்துவரவில்லை. மலர்க்குழுவில் ஒருவர், "ஏன் சேர் வம்பு, ரெண்டையும் ஒண்டாக்கி எழுதுங்க" என்றார். ஆனால் இருவரும், ஒருவர் சொன்னதை மற்றவர் அறியாமலே, ஒரு விசயத்தைச் சொல்லியிருந்தார்கள். அன்று எங்கள் அணியில் நாலு பேருக்குத்தான் பூட்ஸ் இருந்தது, மற்றவர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். பிரின்ஸ்டன் மாணவரும் டார்ட்மத் மாணவரும் தெரியாமல் ஒத்துப்போன அந்தப் பத்தி எனக்கு நினைவுக்கு வந்தது. இரண்டு குறிப்பையும் ஒன்றாக்காமல் தனித்தனியே போட்டோம். பூட்ஸ் செய்தி இரண்டிலும் இருக்கிறது. கோல் கணக்கைவிட, அந்தக் காலத்துப் பிள்ளைகளின் வசதியை அது கூடுதலாகச் சொல்கிறது.

மேற்சொன்ன ஆட்டங்களில் இருந்து, நினைவு சேகரிப்பவர்களுக்கு நான் எடுத்துக்கொண்ட பாடங்கள் இவை. நினைவைச் சொல்பவர் மைதானத்தின் எந்தப் பக்கம் நின்றார், யாரோடு போனார் என்பதைக் குறிப்பின் தலைப்பிலேயே எழுதுங்கள். தோற்ற பக்கத்தில் இருந்தும் ஒருவரையாவது கேளுங்கள். எதிர்ப்பாடசாலைக்குப் போய்க் கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. யார் வென்றது என்பதோடு நிறுத்தாமல், என்ன உடுத்தியிருந்தீர்கள், எப்படிப் போனீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். பெருமைக்கு உதவாத விபரங்களைத் திரிக்க எவருக்கும் காரணம் இல்லை. பொருந்தாத விபரம் வந்தால் திருத்திவிடாதீர்கள். அதில் ஒரு வழித்தடம் இருக்கலாம். சொன்ன திகதியையும் சொன்னவரின் அப்போதைய வயதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். முதல் இரண்டையும் பொய் என்று முற்றாகத் தள்ளிவிட்டால் விசாரிப்பதற்கு நம் கையில் எதுவும் மிஞ்சாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த இறுதிப் போட்டியில் ஆடியவருக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. அவரோடு ஆடிய இன்னும் மூன்று பேர் ஊரில் இருக்கிறார்கள். எதிரணியின் கோல் காப்பாளர் பக்கத்து ஊரில் கடை வைத்திருப்பதாகக் கேள்வி. அடுத்த விடுமுறைக்கு ஒரு கொப்பியோடு அவரிடம் போவதாக இருக்கிறேன். மழையா, புழுதியா என்று கேட்பது பிறகு. முதலில் பூட்ஸைப் பற்றிக் கேட்க வேண்டும்.